மாப்பிள்ளைக் கோட்டு

ஐந்து வயதுப் பிள்ளை ஒரு டம்ளரைப் பற்றிக் கேட்ட கேள்வி, புதன்கிழமை ராஜப்பன் சார் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்க விடவில்லை.

"அப்பூப்பா, சுகிர்தா அம்மூம்ம வந்தா மட்டும் எதுக்கு பொறத்த கவுத்தி வச்சிருக்கிய டம்ளர்ல சாயா குடுக்குது?"

கேட்டவன் பேரன் ஜிபின். கேட்ட இடம் சாப்பாட்டு மேசை. அப்பூப்பா ராஜப்பன் சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், குளத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையின் கமிட்டிச் செயலாளர். அவர் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா அஜீஷ் தாகமில்லாமலே தண்ணீர் குடித்தான். அப்பாவைப் பெற்ற ஞானபாய் அம்மூம்மை அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பு அணைந்து அரை மணி நேரமாகியிருந்தது.

ஜோஸ்னா மட்டும் மகனை நிமிர்ந்து பார்த்தாள். சுகிர்தபாய் அவளைப் பெற்ற தாய். மகளைப் பார்க்க ஆறு வருடமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறாள். ஆறு வருடமாக அவளுக்கென்று பின்வராந்தாவின் அரைச்சுவரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடக்கிறது. ஜோஸ்னா பிறந்த சாதியும் அஜீஷ் பிறந்த சாதியும் ஒரே வேதபுத்தகத்தைத்தான் வாசிக்கும், ஒரே கீர்த்தனையைத்தான் பாடும். ஆனால் சாயாவுக்கு டம்ளர் வேறு. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு அந்த வீட்டில் மரியாதை என்று பெயர்.

கேள்விக்கான பழி ஜோஸ்னாவுடையதுதான். சபை ஹாலில் நடக்கிற நர்சரிக்கு அவள்தான் டீச்சர். சுதந்திரம் கிடைத்து ஐம்பது வருடம் ஆகிறது, ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிள்ளைகளை நான்கு தலைவர்களாக நிறுத்த வேண்டும் என்று கமிட்டி சொல்லியிருந்தது. நாலு வயசும் அஞ்சு வயசுமான பிள்ளைகளிடம் வருஷக் கணக்கும் மாநாட்டுப் பெயரும் சொன்னால் கொட்டாவிதான் வரும். ஆகவே ஜோஸ்னா ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பொருள் கொண்டுவந்தாள். காந்திக்கு ஒரு பிடி உப்பு. நேருவுக்கு ரோஜாப்பூ. பட்டேலுக்கு, அட்டையில் வெட்டிய இந்தியா. துண்டு துண்டாகக் கிடக்கும், சேர்த்து வைக்க வேண்டும்.

அம்பேத்கருக்கு ஒரு குடம் தண்ணீர்.

திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகளின் கையில் சிவப்பு நாடா கட்டினாள். நாடா கட்டினவர்கள் குடத்தைத் தொடக்கூடாது. யாராவது மேலேயிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். ஊற்ற ஆளில்லையென்றால் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான் என்றாள். ஐந்தே நிமிடத்தில் வகுப்பில் கலகம். ஒன்று அழுதது, ஒன்று நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தது. நாடா இல்லாத ஜிபின் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவியளுக்கு இல்லேங்கி எனக்கும் வேண்டாம்" என்றான். அப்போது ஜோஸ்னா சொன்னாள், இப்படித் தாகத்தோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்தான் பிறகு இந்த நாட்டுக்கே சட்டம் எழுதினார் என்று.

"அது நான்" என்றான் ஜிபின். "அவரு நானாக்கும்."

புதன்கிழமை வீட்டுக்கு வந்து அரைச்சுவரைப் பார்த்திருக்கிறான். பார்த்ததைக் கேட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை ராஜப்பன் சார் முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜோஸ்னா."

சாதாரண நாளில் 'பிள்ளே' என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொன்னால் கோபம் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம்.

"ஜிபின் நேருவாக்கும். ஷெர்வாணியும் தொப்பியும் நெய்யாற்றின்கரையில இருந்து வாங்கி வச்சாச்சு. அந்தக் குடத்துக்க கத ஒண்ணும் நாளைக்கு வேண்டாம். மூணு தலைவரு மதி, போதும்."

"நாலு பேருண்ணு கமிட்டி தீர்மானிச்சதாக்குமே, மாமா."

"கமிட்டி நானாக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அம்பேத்கர மோசம்ணு நான் பறயேல்ல. பெரிய மனுஷன், படிச்சவரு. ஆனா எனக்க பேரனுக்கு அந்த வேஷம் வேண்டாம். ஊரு என்ன பறயும்? அம்மைக்க ரத்தம் தெளிஞ்சு வருதுண்ணு பறயும்."

ஆறு வருடம் அவர் அடக்கி வைத்திருந்த சொல் வாயை விட்டு வந்துவிட்டது. ஜோஸ்னாவுக்குக் காது இரண்டும் சூடாயின. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, வந்தது கோபம்தான். நல்லதாய்ப் போயிற்று என்று அந்தக் கோபத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பறயட்டு மாமா. உள்ளதைத்தானே பறயினும்."

"அப்பம் ஒண்ணு கேட்டுக்க. அந்த வேஷத்துல அவன் மேடையில ஏறினா, திங்கக்கிழம தொட்டு நீ நர்சரிக்குப் போவண்டாம். வேற டீச்சரப் பாக்க எனக்கு ஒரு மணிக்கூறு போதும்."

அஜீஷ் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். குளத்தூர் சந்தியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவன், ஊரார் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுத் தன் பேச்சை மறந்தவன் என்று ஜோஸ்னா அவனைக் கேலி செய்வதுண்டு. அன்றைக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

ஹாலில் ஒத்திகை. காந்தி, கமிட்டி உறுப்பினர் நேசையனின் பேத்தி ரெஷ்மா. கம்பியில் வளைத்த மூக்குக்கண்ணாடி, கையில் உப்பு. வசனம் சொல்வதற்குள் பாதி உப்பை நக்கித் தீர்த்துவிட்டாள். பட்டேல் வேஷம் போட்ட சிஜோ அட்டைத் துண்டுகளைக் கோத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டீச்சர், கேரளாவ காணேல்ல."

கேரளா ரெஷ்மாவின் காலடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்ததும் அவனுக்கு அடுத்த சந்தேகம். "எங்க மாமன் வீடு களியக்காவிளையாக்கும். அது இதுலயா, பக்கத்துத் துண்டுலயா?"

"பக்கத்துத் தமிழ்நாட்டுத் துண்டுல மக்கா. ஆனா நீ ரெண்டையும் சேத்துத்தானே வச்சிருக்க? அப்பம் மாமன் வீட்டுக்கு நடந்தே போலாம்."

சிஜோவுக்குத் திருப்தி. ஜோஸ்னாவுக்கும் சிரிப்பு வந்தது. இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பின் பின்னாலேயே வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். பூவார்க் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளையும் உண்டு, வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் உண்டு. அவள் இல்லாமல் போனாலும் யாராவது வந்து ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் குடத்தை இனி யாரும் வகுப்பில் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள்.

"நேரு யாருக்கு வேணும்?" என்றாள்.

ஜிபினைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. ரோஜாப்பூ கிடைக்குமே! பூவார்ப் பக்கத்து ஸ்டெஃபிக்கு ஷெர்வாணி கனகச்சிதமாகப் பொருந்தியது. ராஜப்பன் சார் தன் பேரனுக்கு ஆசையாக வாங்கிய ஷெர்வாணி, ஒரு மீன்வள்ளக்காரரின் மகளுக்கு இவ்வளவு பொருந்துமென்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மீதி இருந்தது ஒரே குறை. ஜிபின் சுவரிலிருந்த அம்பேத்கர் படத்தைக் காட்டினான்.

"அம்மா, கோட்டு எங்க? கோட்டு இல்லாம அவரு இல்ல."

கோட்டு கிடைக்கவில்லை. ஐம்பதாவது வருடமாயிற்றே, வேஷ உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற கடையை எல்லாப் பள்ளிக்கூடமும் சேர்ந்து காலி செய்துவிட்டிருந்தன.

"அவரு எதுக்கும்மா எப்பவும் கோட்டு போட்டிருக்காரு?"

"இவனுக்கு கந்தல் போதும்ணு பறஞ்சவிய இருந்தினும், மக்கா. அவியளுக்க முன்னால கந்தலோட போய் நிக்கமாட்டேன்ணு அவரு நல்லா உடுத்தினாரு."

சொல்லி முடித்தபோதுதான் வீட்டு அலமாரி அவள் நினைவுக்கு வந்தது.

அந்த அலமாரியில் ஒரு கோட்டு உண்டு. கருநீலம். அஜீஷின் தாத்தா தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது. ராஜப்பன் சார் அதைப் போட்டுத்தான் ஆல்டரில் நின்றார், அவர் தம்பியும் நின்றார். குடும்பத்தில் எந்த ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் அந்துருண்டை மணத்தோடு அந்தக் கோட்டு வெளியே வரும். போட்டு நின்றவன்தான் அந்த வீட்டு மாப்பிள்ளை. ஆறு வருடம் முன்பு அஜீஷ் ஜோஸ்னாவைத்தான் கட்டுவேன் என்று நின்று, கல்யாண நாளும் வந்தபோது, அலமாரிச் சாவியைக் காணவில்லை என்றார் ராஜப்பன் சார். அஜீஷ் வெள்ளைச் சட்டையில் நின்றான். கோட்டில்லாத மாப்பிள்ளையைச் சபை முழுக்க ஏற இறங்கப் பார்த்தது. பெண்ணில் ஏதோ குறை என்று பின்வரிசைப் பெண்கள் பேசிக்கொண்டது ஜோஸ்னாவின் முக்காட்டுக்குள்ளும் கேட்டது.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ராஜப்பன் சாரின் தம்பி மகன் சத்தியராஜுக்குக் கல்யாணம். கோட்டை வெயிலில் காயவைக்க வேண்டும் என்று போன வாரம்தான் வீட்டில் பேச்சு அடிபட்டது. சாவி காணாமல் போகிற சாவியல்ல.

நாலு மணிக்கு ஜோஸ்னா வீட்டுக்கு வந்தாள். ராஜப்பன் சார் கொடிமரத்துக்குச் சாயம் பூசுவதை மேற்பார்வையிடச் சபைக்குப் போயிருந்தார். ஞானபாய் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அலமாரிச் சாவி வேணும்."

"எதுக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. நேரு தொப்பியை எடுக்க என்று சொல்லலாம். அந்த வீட்டில் பொய்யும் மௌனமும்தான் இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தின, இனி வேண்டாம் என்று தோன்றியது.

"கோட்ட எடுக்க. வெட்டி ஜிபினுக்குத் தைக்க."

கத்தி நின்றது. ஞானபாய் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சிப் பேசிப் பழகிய மாமியார் இல்லை, ஏசியதும் இல்லை. சுகிர்தபாய் வந்து போனால், அந்த டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்ப்பது இந்தக் கைதான்.

"அவரு கொன்னுபோடுவாரு."

"தெரியும் மாமி."

ஞானபாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் ஊக்கில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றி, கிழங்குத் தோலின் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க கல்யாணத்துக்கும் சாவி இங்ஙனதான் இருந்தது," என்றாள். "இதே ஊக்குல. நான் வாயத் தொறக்கேல்ல."

மறுபடியும் கிழங்கை நறுக்க ஆரம்பித்தாள்.

சந்தியில் சுயம்புவின் தையல் கடை. பொதியைப் பிரித்ததும் சுயம்பு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டீச்சரே, இது எனக்க அப்பன் தச்ச கோட்டாக்கும். இந்தக் காலருல அவருக்க கைத்தையல் இப்பமும் இருக்கு. இத நான் வெட்டவா? ராஜப்பன் சாறு கேட்டா என்ன பறய?"

"நான் வெட்டச் சொன்னேன்ணு பறயுங்க."

"மாட்டேன். பாவம் கிட்டும்."

"அப்பம் கத்திரிய இஞ்ச தாருங்க. நான் வெட்டுதேன். தைக்க மட்டும் செய்யுங்க."

கத்திரியை எடுத்தும்விட்டாள். எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அப்போது எதிர்ப்பக்க பூத்தைப் பூட்டிவிட்டு அஜீஷ் சாலையைக் கடந்து வந்தான். கோட்டைப் பார்த்தான், மனைவியின் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தான்.

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. சுயம்புவின் கடையில் ரசம் போன நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன்னால் அஜீஷ் நின்றான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான், காலரை இழுத்துவிட்டான். ஜோஸ்னாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆறு வருடம் முன்பு தன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய மாப்பிள்ளை இவன்தான்.

"நல்லாருக்கா பிள்ளே?"

"நல்லாருக்கு."

"மதி." பொத்தான்களைக் கழற்றினான். கோட்டைச் சுயம்புவின் மேசையில் விரித்துக் கையால் நீவினான். "வெட்டுங்க சுயம்பண்ணே. அப்பா கேட்டா நான் பறஞ்சேன்ணு சொல்லணும். இவ பறஞ்சாண்ணு சொல்லப்பிடாது, கேட்டியளா? இவ்வளவு நாளும் எல்லாத்தையும் இவ ஒருத்திதான் பறஞ்சா."

சுயம்பு ஜெபம் செய்வது போலக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கத்திரி, துணியில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை சபை வளாகம் நிறைந்துவிட்டது. மைக் செட்டு சோமன் "ஹலோ, ஹலோ" என்று ஊருக்கே நலம் விசாரித்துவிட்டு, "டீச்சரே, தொடங்ஙாம் அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டான். சுகிர்தபாய் வழக்கம்போல வளாகக் கேட்டுக்கு வெளியே, வேலியோரத்தில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டால், "இஞ்ச நல்ல காத்து உண்டு மக்கா" என்பாள்.

ராஜப்பன் சார் கொடியேற்றினார். நல்ல நீளமாகப் பேசினார். சுதந்திரம், தியாகம், சமத்துவம் என்று மூன்று சொல்லையும் குறைவில்லாமல் பயன்படுத்திவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார்.

காந்தி வந்து உப்புக் காய்ச்சினார். பட்டேல், கேரளாவைத் தொலைக்காமல் இந்தியாவைச் சேர்த்தார். நேரு ரோஜாவோடு வந்தபோது ராஜப்பன் சார் கழுத்தை நீட்டினார். அது ஸ்டெஃபி. அவர் தலை மெதுவாக ஜோஸ்னாவின் பக்கம் திரும்பியது. ஜோஸ்னா கண்ணைத் தாழ்த்தவில்லை.

ஹால் வாசலிலிருந்து ஜிபின் வந்தான். கருநீலக் கோட்டு, கக்கத்தில் புத்தகம். கூட்டத்தில் வயதானவர்கள் முதலில் அடையாளம் கண்டார்கள். "எலே, அது ராஜப்பன் சாறுக்க..." என்று ஒரு குரல் எழும்பிப் பாதியில் நின்றது. ராஜப்பன் சார் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார், எழவில்லை. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜிபின் குடத்தின் அருகே நின்றான். குடத்தின் மேல் கவிழ்ந்திருந்த டம்ளர் அப்போதுதான் ஜோஸ்னாவின் கண்ணில் பட்டது. அவள் வைத்தது பிளாஸ்டிக் டம்ளர். இது பின்வராந்தா டம்ளர். பிள்ளை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறான்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பம் எனக்கு வெள்ளம் தரேல்ல," என்று மைக்கில் கணீரென்று சொன்னான். "பெரியவனாயி நான் சட்டம் எழுதினேன். இனி வெள்ளம் எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

அத்தோடு வசனம் முடிந்தது. அவன் ஒரு டம்ளர் கோரிக் குடிக்க வேண்டும், கைதட்டு, அவ்வளவுதான் ஒத்திகை. ஆனால் 'எல்லாருக்கும்' என்று கேட்டதும் மீதிப் பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு குடத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள். உப்பு நக்கிய காந்திக்கு உண்மையிலேயே தாகம். குடித்துவிட்டு ரெஷ்மா கம்பிக் கண்ணாடியோடு கேட்டுக்கு ஓடி, சுகிர்தபாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"வாருங்க அம்மூம்ம, உங்களுக்கும் உண்டு!"

தன் பேத்தி யாரை இழுத்து வருகிறாள் என்று நேசையன் பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தபாய் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பேரன் கோரிக் கொடுத்ததை அத்தனை பேர் நடுவிலும் நின்று, வாய் வைத்து நிதானமாகக் குடித்தாள். ஜிபின் அதே டம்ளரில் மறுபடி கோரினான். தளும்பத் தளும்ப இரண்டு கையாலும் பிடித்து முன்வரிசைக்கு நடந்தான்.

"இந்தாங்க அப்பூப்பா."

ராஜப்பன் சார் டம்ளரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். வாங்கினார். வாங்கியதைக் குடிக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

ஜனகணமன முடிந்து, மிட்டாய் கொடுத்து, கூட்டம் கலைகிறபோது அவர் குடும்பத்தாரிடம் வந்தார்.

"சாவி யாரு குடுத்தா?"

"அப்பா, நான்தான் வெட்டச் சொன்..." என்று அஜீஷ் தொடங்கினான்.

"வெட்டினத கேக்கேல்ல. சாவிய கேட்டேன்."

"நானாக்கும் குடுத்தேன்."

ஞானபாய் நாற்காலிக்கு அடியிலிருந்த டம்ளரைக் குனிந்து எடுத்தாள். அதில் இருந்த தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்தே குடித்தாள்.

ராஜப்பன் சார் மனைவியை விட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழம ஆராதன முடிஞ்சு கமிட்டி கூடும். திங்கக்கிழமையத்த காரியம் நான் நேத்தே பறஞ்சதாக்கும்."

"திங்கக்கிழம ஒம்பதரைக்கு நர்சரி தொறக்கும், மாமா," என்றாள் ஜோஸ்னா. "பிள்ளைய வரும். நானும் வருவேன்."

ராஜப்பன் சார் கடைசியாகக் கையிலிருந்த அஸ்திரத்தை எடுத்து வீசினார்.

"இருபத்தெட்டாம் தேதி சத்தியராஜுக்கு கல்யாணம். அவன் என்னத்தப் போட்டு நிப்பான்?"

ஞானபாய் டம்ளரைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"வெள்ளச் சட்ட போட்டு நிக்கட்டு. எனக்க மகன் நிக்கேல்லியா?"

ராஜப்பன் சார் வேட்டியை மடித்துக் கட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக்கு ஆள் பிடிக்க நேசையனின் வீட்டுக்குப் போகிற வழியில் விறுவிறுவென்று நடந்தார்.